நாலு பேருக்கான அறை

ஓவியா ஆர்கிடெக்சர் படிக்கப் போகிறாள் என்றபோது அவள் ஊரான ஏழாயிரம்பண்ணையில் யாருக்கும் அது என்ன படிப்பு என்று புரியவில்லை. சிவில் இன்ஜினியரிங் என்றே நினைத்துக்கொண்டார்கள். அவளுடைய அம்மா கருப்பம்மாளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். பட்டாசுக் கம்பெனி வேனில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் விசாரித்தால், "எம்மக வீடு கட்டுற படிப்பு படிக்கா. அஞ்சு வருசம்" என்பாள். அஞ்சு வருசம் என்பதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்வாள். மற்ற பிள்ளைகள் நாலு வருடத்தில் முடிக்கிறபோது இவளுக்கு ஐந்து வருடம் ஆகிறதென்றால், அது பெரிய படிப்பாகத்தான் இருக்க வேண்டும்.

அப்பா நாகையா லாரிக்கு லோடு ஏற்றிவந்தவர். ஓவியா பத்தாவது படிக்கும்போது நெஞ்சுச் சளி முற்றிப்போய் இறந்துவிட்டார். அதன் பிறகு வீட்டில் அம்மாவும் மகளும் மட்டும்தான். கருப்பம்மாள் பதினாறு வயதிலிருந்து பட்டாசு வேலைக்குப் போகிறவள். பட்டாசுக் குழாய்க்குள் வெடிமருந்து அடைப்பதில் அவள் கை அளவு பார்க்காமலே அளவாகப் போடும் என்று போர்மேன்கள் சொல்வார்கள்.

மதுரைக் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே அவரவர் வீட்டை அளந்து வரைந்துகொண்டு வரச் சொன்னார்கள். கூடப் படித்தவர்களில் பலருக்கு ஒரு தாள் போதவில்லை. கீழ்த்தளம், மாடி, மொட்டைமாடி என்று மூன்று நான்கு தாள்களோடு வந்தார்கள். ஓவியாவின் வீடு தாளின் ஒரு மூலைக்குள் முடிந்துவிட்டது. ஒரு அறை, ஒரு அடுப்படி, வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி. மிச்சமிருந்த வெள்ளை இடம் அவளைக் கூச வைத்தது. விடுதிக்குத் திரும்பி, அதே வீட்டை நாலு மடங்கு பெரிதாக வரைந்தாள். இடத்தை நிரப்புவதற்காக அம்மா படுக்கும் பாயை வரைந்தாள், தூக்குவாளி தொங்கும் ஆணியை வரைந்தாள், தான் சுவரில் சாய்ந்து படிக்கும் இடத்தில் தன்னையே கால் நீட்டி உட்கார வைத்தாள். வரைந்து முடித்தபோது வெறும் சுவர்களை வரைவதைவிட அந்தச் சுவர்களுக்குள் ஆள் எங்கே இருக்கிறது என்று வரைவது தனக்குப் பிடித்திருப்பதைத் தெரிந்துகொண்டாள்.

ஐந்தாம் வருடம் தீசிஸ். நண்பர்கள் விமான நிலையம், அருங்காட்சியகம், கொடைக்கானலில் ஒரு ரிசார்ட் என்று எடுத்துக்கொண்டார்கள். ஓவியா பட்டாசுத் தொழிலாளர் வேலை செய்யும் அறையை எடுத்தாள். விடுமுறையில் அம்மாவோடு கம்பெனிக்குப் போய் ஒரு வாரம் சும்மா உட்கார்ந்து பார்த்தாள். மூன்றாம் நாள்தான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. எல்லாப் பெண்களும் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளிச்சம் கதவு வழியாகத்தான் வருகிறது. அது கையில் விழ வேண்டுமென்றால் அப்படித்தான் உட்கார முடியும். ஏதாவது ஒன்று பற்றிக்கொண்டால் அவர்கள் முதலில் நெருப்பைப் பார்ப்பார்கள். கதவைப் பார்ப்பதற்கு முழுதாக ஒரு முறை திரும்ப வேண்டும்.

அவள் வரைந்த அறையில் வெளிச்சம் உயரத்திலிருந்து வந்தது. எதிரெதிராக இரண்டு கதவுகள், இரண்டும் வெளிப்பக்கம் திறப்பவை, தாழ்ப்பாளே இல்லாதவை. நாலு பேர் கதவுகளுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்தால் எந்த இடத்திலிருந்தும் மூன்று எட்டில் வெளியே போய்விடலாம்.

தீசிஸை மதிப்பிட வெளியூரிலிருந்து வந்தவர் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "ஒரு அறைக்கு நாலு பேர், ரெண்டு கதவு. இது எல்லாம் ஏற்கெனவே ரூல்ஸ்ல இருக்கே. இதுல உங்க டிசைன் எங்க?" என்று கேட்டார்.

"ரூல்ஸ்ல ரூமைப் பத்தி இருக்கு சார். உக்காந்திருக்கிற பொம்பளயப் பத்தி இல்ல" என்றாள் ஓவியா.

அவர் தாள்களை மறுபடி முதலிலிருந்து புரட்டிவிட்டு நல்ல மதிப்பெண் போட்டார்.

படிப்பு முடிந்து விருதுநகரில் ஒரு ஆர்கிடெக்ட் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டு வருடம் அங்கே அவள் வரைந்ததெல்லாம் வியாபாரிகளின் வீடுகளுக்கு முன்பக்கம் மட்டும்தான். கண்ணாடி எவ்வளவு, கல் எவ்வளவு, போர்ட்டிகோவில் இரண்டு கார் நிற்குமா என்பதுதான் பேச்சு. தன் தீசிஸில் ஒரு தாளை மட்டும் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருந்தாள்.

மணிகண்டராஜ் அங்கே தன் வீட்டுப் பிளானுக்காக வந்தவன். சிவகாசியில் பட்டாசும் அச்சகமும் நடத்தும் காளிராஜ் அண்ணாச்சியின் மகன். சென்னையில் படித்துவிட்டு வந்து தொழிலை அப்போதுதான் கையில் எடுத்திருந்தான். சுவரில் இருந்த தாளைப் பார்த்துவிட்டு வீட்டுப் பேச்சை நிறுத்தினான்.

"இது யார் போட்டது?"

"நான்தான் சார்."

"நாலு ஆளும் பக்கவாட்டுல உக்காந்திருக்கு. ஏன்?"

அவள் சொன்னாள். அவன் தாளுக்குப் பக்கத்தில் போய் நின்று கேட்டான். அவனுடைய குடும்பம் மூன்று தலைமுறையாகப் பட்டாசு செய்கிறது, இதை ஒருவரும் கவனித்ததில்லை என்று பிறகு சொன்னான். "எங்களுக்கு ஏழாயிரம்பண்ணை பக்கம் புது யூனிட் வருது. அதை இப்படியே கட்டுவோம். நீங்களே பண்ணுங்க" என்றான்.

"எங்க ஊருதான் சார் அது."

"அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு."

ஓவியாவுக்கு அன்றைக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை. அலுவலகத்திலிருந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்து போனதுகூட அவளுக்கு நினைவில்லை. படித்து முடித்து இரண்டே வருடத்தில், சொந்த ஊரில், தான் வரைந்தது அப்படியே கட்டடமாகப் போகிறது. கூடப் படித்தவர்களில் ஒருத்தருக்கும் அது வாய்த்திருக்கவில்லை.

வானம் பார்த்த பூமி அது. பருத்தி போட்டுக் காய்ந்த கரிசலில் பதினாறு அறைகள். அறைக்கும் அறைக்கும் நடுவே விதிப்படி விட வேண்டிய இடைவெளி, அதற்கு மேலும் கொஞ்சம். அவளே நாடாவைப் பிடித்து அளந்தாள். உயரத்தில் வெளிச்சம் வர வைத்த திறப்புகளைக் கொத்தனார்கள் முதலில் கேலி செய்தார்கள், பிறகு மதியச் சாப்பாட்டுக்கு அந்த அறைகளுக்குள்தான் போய் உட்கார்ந்தார்கள். உள்ளே அவ்வளவு காற்று. தள்ளி ஒரு சாப்பாட்டுக் கொட்டகை, பெண்களுக்குத் தாழ்ப்பாள் போட்ட கழிப்பறைகள், கை கழுவ வரிசையாகக் குழாய்கள். வெடிபொருள் லைசன்ஸுக்காக நாக்பூர் தலைமை அலுவலகத்துக்குப் போன வரைபடத்தின் அடியில் அவள் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருந்தன. தை மாதம் யூனிட் திறந்தது. முதல் நாளே தொலைவில் இருக்கும் நாரணாபுரத்திலிருந்தும் பெண்கள் வேலை கேட்டு வந்தார்கள்.

கருப்பம்மாள் பழைய கம்பெனியை விட்டுவிட்டு இங்கே வந்தாள். அவளுக்கு ஏழாம் நம்பர் அறை. அதே அறையில் அழகுமீனாவும் இருந்தாள். அவள் ஓவியாவோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சில் படித்தவள். பதினெட்டு வயதில் கல்யாணம், இரண்டு பிள்ளைகள். புருஷன் பைக்கில் போய் விழுந்ததிலிருந்து காலை ஊன்ற முடியாமல் வீட்டோடு கிடந்தான்.

"ஏ ஓவியா, நீ கட்டுன ரூம்ல வேர்க்கவே மாட்டேங்குது புள்ள" என்று அழகுமீனா ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து சொன்னாள். "போன கம்பெனியில ஒண்ணுக்குப் போகணும்னா காட்டுக்குள்ள போகணும். அதுக்குப் பயந்துக்கிட்டு தண்ணியே குடிக்க மாட்டோம். இங்கன வயிறு முட்டக் குடிக்கேன்."

ஓவியா சிரித்தாள். வாழ்க்கையில் தனக்குக் கிடைத்த எந்தப் பாராட்டும் அவளுக்கு அந்த அளவு இனித்ததில்லை.

ஆடி மாதம் ஒரு நாள் மழை, கோடை மழை போல் சட்டென்று கொட்டித் தீர்த்ததில் இரண்டு அறைகளில் கூரை ஒழுகியது. பார்த்துவிட்டுப் போகச் சொல்லி யூனிட்டிலிருந்து போன் வந்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு அப்போதுதான் ஓவியா உள்ளே போனாள்.

சாப்பாட்டுக் கொட்டகையில் கூரை வரைக்கும் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அறைகளுக்கு நடுவே அவள் அளந்து விட்ட இடைவெளிகளில் நீல நிறத் தார்ப்பாய்கள் கட்டி, அதற்கடியில் ஆட்கள் உட்கார்ந்து திரி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஏழாம் நம்பர் அறைக்குப் போனாள். பின்பக்கக் கதவு தெரியவில்லை. அதை மறைத்து உள்ளே காலிக் குழாய் மூட்டைகள். அறைக்குள் பதினோரு பேர் இருந்தார்கள். அவளுடைய அம்மா நடுவில், முழங்காலை மடக்கக்கூட இடமில்லாமல் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா இது?"

கருப்பம்மாள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். "சீசன்ல அப்படித்தான். கூரையப் பாத்துட்டு நீ கெளம்பு. வேல கெடுது."

போர்மேன் முனியராஜ் ஓடி வந்தான். "மேடம், எட்டு ரூமை வேற ஆளுகளுக்கு உள்குத்தகைக்கு விட்டாச்சு. அவுக ஆளையும் சேத்து வச்சிருக்காக. என்கிட்டக் கேக்காதீக. சின்ன முதலாளிகிட்டக் கேளுங்க."

அன்று சாயங்காலமே சிவகாசிக்குப் போய் மணிகண்டராஜைப் பார்த்தாள். அவன் கோபப்படவில்லை. காபி வரவழைத்தான்.

"நீங்க கட்டிக் குடுத்ததுல ஒரு செங்கல்லக்கூட நான் மாத்தல ஓவியா. மூணு மாசம்தான். தீவாளி முடிஞ்சா எல்லாம் பழையபடி ஆயிரும்."

"மூணு மாசத்துல ஒரு நிமிசம் போதும் சார்."

"எனக்குத் தெரியாதா? எங்க பெரியப்பா அப்படித்தான் போனாரு." காபி டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினான். "வடக்க இருந்து ஆர்டர் குடுக்கறவன் எத்தன பேரு உக்காந்து செஞ்சேன்னு கேக்கறதில்ல. என்னைக்கு வரும்னுதான் கேக்கான். நான் இல்லேன்னா பக்கத்துக் கம்பெனிக்குப் போயிருவான். அங்கன உங்க ரூம் மாதிரி ஒரு ரூம்கூடக் கெடயாது."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மன்றாடினாள். வேலையை விட்டுவிடு, நான் சம்பாதிக்கிறேன் என்றாள்.

"நான் விட்டுட்டா எம் பாய்ல இன்னொருத்தி உக்காருவா. நாலு பேருதான் இருக்கணும்னு சொல்ற. சரி. மத்த ஏழு பேரு எங்க போவா? அழகுமீனா எங்க போவா? அவளே முனியராஜ் கால்ல விழாத கொறையாக் கேட்டு இந்த ரூமுக்கு வந்தா. காத்து வருதுன்னு எல்லாவளும் இங்கனதான் வரணும்ங்கா." கருப்பம்மாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள், "ரூமை இம்புட்டு நல்லாக் கட்டியிருக்க வேணாம்த்தா நீ."

ஓவியா மூன்று நாள் யோசித்தாள். பிறகு கூரை வேலையைப் பார்ப்பது போல மீண்டும் யூனிட்டுக்குப் போனாள். அறை அறையாக நடந்து நோட்டில் குறித்துக்கொண்டாள். வீட்டில் உட்கார்ந்து பெரிய தாளில் வரைந்தாள். பதினாறு அறைகள், நடுவில் தார்ப்பாய்கள், அடைபட்ட கதவுகள், ஒவ்வொரு பாய், ஒவ்வொரு ஆள். பெண்கள் எந்தப் பக்கம் முகம் திருப்பி உட்கார்ந்திருந்தார்கள் என்பது உட்பட. ஏழாம் அறையில் அம்மாவை வரையும்போது மட்டும் கை நின்றது. பிறகு வரைந்தாள். அவள் அதுவரை வரைந்ததிலேயே பிசகில்லாத வரைபடம் அது. அடியில் பெயரையும் பதிவு எண்ணையும் எழுதினாள். பெயரில்லாமல் கொடுக்கலாம் என்று தோன்றத்தான் செய்தது. ஆனால் பெயரில்லாத தாளை யாரும் நம்ப மாட்டார்கள் என்று நினைத்தாள்.

திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று மனுவோடு சேர்த்துக் கொடுத்தாள். அந்த வாரமே அதிகாரிகள் வந்தார்கள். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்தார்கள். எல்லாம் அப்படியே இருந்தது. யூனிட்டுக்கு சீல் வைத்தார்கள்.

தீபாவளிக்கு இன்னும் எழுபது நாள் இருந்தது. இருநூற்று நாற்பது பேருக்கு வேலை இல்லை. மற்ற கம்பெனிகளும் சோதனை வரும் என்று பயந்து ஆளைக் குறைத்திருந்த நேரம். காலை ஆறரைக்கு வரும் வேன் வரவில்லை. பெண்கள் தூக்குவாளியோடு வேன் நிற்கும் இடத்தில் ஏழரை வரைக்கும் நின்றுவிட்டுத் திரும்பினார்கள். யார் எழுதிப் போட்டது என்று இரண்டு நாளில் ஊருக்கே தெரிந்துவிட்டது.

அவள் வேலை பார்த்த அலுவலகத்தில் முதலாளி கூப்பிட்டு மெதுவாகவே பேசினார். வருகிற வாடிக்கையாளர் பாதிப்பேர் பட்டாசுக்காரர்கள், தனக்கு வேறு வழியில்லை என்றார். ஓவியா சுவரில் இருந்த தாளைக் கிழியாமல் உரித்துச் சுருட்டிக்கொண்டு வந்தாள்.

ஊரில் யாரும் அவளைத் திட்டவில்லை. குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் பேச்சு நின்றுவிடும். அவ்வளவுதான். அழகுமீனா மட்டும் ஒரு நாள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை.

"நீ எங்களுக்காகத்தான் செஞ்சே. எனக்குத் தெரியாமலா இருக்கு? ஆனா ஒரு வார்த்த எங்ககிட்டக் கேட்டியா?"

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பீங்க."

"ஆமா. சொல்லியிருப்போம்." அழகுமீனா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சோளக்காட்டுக்குள்ள ஒரு கொட்டகையில பேன்சி வெடிக்கு மருந்து அடைக்க ஆள் கேக்காக. நாளைக்குப் போறேன்."

"லைசன்ஸ் இல்லாத எடம் அது. போகாத மீனா."

"பெறவு எங்க போகட்டும்? சொல்லு, அங்க போறேன்."

அழகுமீனா கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் போனாள்.

அதற்கு ஒன்பதாம் நாள், காலை பதினோரு மணி இருக்கும். ஓவியா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் தெற்கிலிருந்து வந்தது. தெருவில் எல்லோரும் வெளியே ஓடி வந்து நின்றார்கள். பட்டாசு ஊர்களில் அந்தச் சத்தத்துக்குப் பிறகு ஒரு அமைதி வரும். ஒவ்வொருத்தரும் தங்கள் வீட்டு ஆள் அந்த நேரம் எங்கே இருக்கிறது என்று நினைத்துப் பார்க்கும் அமைதி அது. கருப்பம்மாள் வீட்டுக்குள்தான் இருந்தாள். வேலை இல்லாததால் இருந்தாள். ஓவியா அவளைத் திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் வாய் "மீனா" என்று அசைந்தது.

கொட்டகையில் ஆறு பேர் இருந்தார்கள். மூன்று பேர் அங்கேயே போய்விட்டார்கள். அழகுமீனாவை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். முகமும் வலது கையும் தவிர மற்றதெல்லாம் துணி சுற்றியிருந்தது. ஓவியா உள்ளே போனபோது அவள் விழித்திருந்தாள். வலி தெரியாமல் இருக்க ஊசி போட்டிருந்ததால் பேச்சு மெதுவாக, தெளிவாக வந்தது.

"ஒத்தக் கதவுதான் இருந்துச்சு. தகரக் கதவு."

"பேசாத மீனா."

"உள்பக்கமாத் தொறக்குறது. நான் மொதல்ல போயிட்டேன் தெரியுமா? கதவுகிட்டதான் உக்காந்திருந்தேன். நீ சொல்லுவியே, கதவப் பாத்து உக்காரணும்னு. அப்படித்தான் உக்காந்திருந்தேன். இழுத்துத் தொறக்குறதுக்குள்ள எல்லாரும் வந்து எம்மேல சாஞ்சுட்டாக. இழுக்க முடியல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "அவுக மேல தப்பில்ல."

நான்காம் நாள் காலையில் இறந்துபோனாள்.

உடல் ஊருக்கு வந்தபோது ஓவியாவைப் போக வேண்டாம் என்று கருப்பம்மாள் தடுத்தாள். அவள் போனாள். கூட்டம் விலகி வழி விட்டது. அழகுமீனாவின் அம்மா முத்துப்பேச்சி பிரேதத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாள். ஓவியாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"வாத்தா. நீ படிச்சவ. உன்னயத்தான் கேக்கணும்னு இருந்தேன். எம்மவ எந்த எடத்துல உக்காந்திருந்தா பொழச்சிருப்பா? அத மட்டும் சொல்லிட்டுப் போ."

முத்துப்பேச்சி அதைக் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். ஓவியாவின் தலைக்குள் பதில் வந்துவிட்டது. ஏழாம் நம்பர் அறை, முன்கதவுப் பக்கம், பதினோரு பேருக்கு நடுவிலேயானாலும். அந்த அறை இன்றுவரை வெடிக்கவில்லை. அதைச் சொல்ல அவளால் முடியவில்லை. அழகுமீனாவின் காலடியில் உட்கார்ந்து அழுதுவிட்டு எழுந்து வந்தாள்.

தீபாவளி போய், ஐப்பசியும் முடிந்த பிறகு, சீல் வைத்த யூனிட் பற்றிய விசாரணை விருதுநகரில் நடந்தது. மனு கொடுத்தவள் என்பதால் ஓவியாவைக் கூப்பிட்டிருந்தார்கள். தொழிலாளர் தரப்பில் சிலரைக் கம்பெனி வரச் சொல்லியிருந்தது. அதில் கருப்பம்மாளும் ஒருத்தி. தான் வரப்போவதை அம்மா முந்தின நாள் வரை சொல்லவில்லை. சொன்னபோதும், "கூப்பிட்டாக. போறேன்" என்று மட்டும் சொன்னாள். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் போனார்கள்.

கம்பெனி வக்கீல் மேசையில் இரண்டு வரைபடங்களை விரித்து வைத்தார். ஒன்று லைசன்ஸுக்குப் போனது. இன்னொன்று மனுவோடு வந்தது.

"ரெண்டுலயும் இருக்கறது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"முதல் படத்துல நாலு பேரு, ரெண்டு கதவு, சரியான இடைவெளி. கட்டடம் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கு. ஒப்புக்கறீங்களா?"

"ஒப்புக்கறேன்."

"அப்ப ரெண்டாவது படம் பொய்யா?"

"ரெண்டும் உண்மைதான் சார். ஒண்ணு கட்டடம். இன்னொண்ணு அதுக்குள்ள நடந்தது."

வக்கீல் தலையசைத்தார், அதைத்தான் எதிர்பார்த்தது போல. "கட்டடத்துல குறை இல்லைன்னு அதைக் கட்டினவங்களே சொல்லிட்டாங்க ஐயா" என்று விசாரணை அதிகாரியிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பிறகு தொழிலாளர்களைக் கேட்டார்கள். கருப்பம்மாள் எழுந்து கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒரு அறையில் பதினோரு பேரை உட்காரச் சொன்னது யார் என்று அதிகாரி கேட்டார்.

"யாரும் சொல்லலய்யா. நாங்களாத்தான் போயி உக்காந்தோம்."

"போர்மேன் சொல்லலையா?"

"சொல்லலய்யா. அவுக நாலு பேருதான் இருக்கணும்னு சொல்லிக்கிட்டேதான் இருப்பாக. காத்து வருதுன்னு நாங்கதான் கேக்காம உக்காந்தோம்."

"பின்கதவை அடைச்சது?"

"மூட்டைய நாங்கதான் வச்சோம். எங்க தப்புத்தான்."

அதிகாரி எழுதிக்கொண்டார். ஓவியாவின் பக்கம் திரும்பி, "நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார்.

அம்மா அவளைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கட்டியிருந்த கைகள் இறுகியிருந்ததில் விரல் நுனி வெளுத்திருந்தது. மருந்து ஏறி மஞ்சளித்துப்போன நகங்கள். அம்மா சொன்னது பொய் என்று சொல்லலாம். சொன்னால் இன்னொரு விசாரணை வரும், இன்னும் ஆறு மாதம் போகும். அந்த ஆறு மாதத்தில் வேறு எந்தச் சோளக்காட்டுக்குள் யார் யார் போவார்கள் என்று அவளுக்கு இப்போது தெரியும்.

"இல்ல சார்" என்றாள்.

திரும்பும்போது சாத்தூரில் பஸ் கொஞ்ச நேரம் நின்றது. கருப்பம்மாள் இறங்கிப் போய் ஒரு பொட்டலம் சேவு வாங்கி வந்து மகள் மடியில் வைத்தாள்.

"மதியம் ஒண்ணும் சாப்புடல நீ."

ஓவியா பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

"எம்மேல கோவமா?"

"இல்லம்மா."

"ரெண்டு வாரத்துல தொறந்துருவாகளாம். முனியராஜ் சொன்னான்." கருப்பம்மாள் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்களை மூடிக்கொண்டாள். "நீ படிச்சது நல்ல படிப்புதான்த்தா. அத நான் எங்கயும் கொறச்சுச் சொன்னதில்ல."

சொன்னபடி இரண்டு வாரத்தில் யூனிட் திறந்தது. மணிகண்டராஜ் யாரையும் பழிவாங்கவில்லை. பழைய ஆட்கள் எல்லோரையும் எடுத்துக்கொண்டான். சித்திரைக்குள் இன்னும் பத்து அறைகள் வந்தன. அவற்றுக்கு வரைபடம் போட்டது சிவகாசியில் வேறு யாரோ. அவள் வரைந்த அறையையே பார்த்துப் போட்டிருந்தார்கள், உயரத்தில் வைக்க வேண்டிய திறப்புகளை மட்டும் விட்டுவிட்டு. புது அறைகளில் பெண்கள் மறுபடியும் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்கிறார்கள் என்று கருப்பம்மாள் பேச்சுவாக்கில் ஒரு நாள் சொன்னாள்.

ஓவியா இப்போது காரியாபட்டியில் ஒரு பிளாட் வியாபாரியிடம் வேலை பார்க்கிறாள். காடாகக் கிடக்கும் நிலத்தை மனை மனையாகப் பிரித்து வரைவது, நுழைவாயிலில் வைக்கும் அலங்கார வளைவுக்கு டிசைன் போடுவது. போன மாதம் போட்ட வளைவில் இரண்டு பக்கமும் அன்னம் வேண்டும் என்றார்கள். போட்டுக் கொடுத்தாள். ஆட்கள் அதற்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்கு வருவாள். பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நேராகப் போகும் தெருவில்தான் முத்துப்பேச்சி வீடு. அழகுமீனாவின் பிள்ளைகள் இரண்டும் அங்கேதான் இருக்கின்றன. ஊருக்குப் பின்பக்கமாக, ஓடைக்கரையை ஒட்டி இன்னொரு தடம் இருக்கிறது. அரை மைல் சுற்று. மழை பெய்தால் கரிசல் மண் செருப்போடு பிடித்துக்கொள்ளும். ஓவியா அந்தத் தடத்தில்தான் வந்து போகிறாள்.